அரை நாள் சம்பளம்

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். வீட்டை நாலு நாளில் வெள்ளையடித்துக் காட்டிவிடலாம், வேலையை அப்படிக் காட்ட முடியாது என்பது எங்கள் நைனாவின் கட்சி. எனக்கு இரண்டு வரன்கள் சேர்ந்தாற்போல் வந்தன. ஒருவர் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இன்னொருவர் புத்தூர் பக்கத்தில் கிராம சச்சிவாலயத்தில், அதாவது ஊர் அரசு ஆபீஸில், புதிதாகச் சேர்ந்த ஊழியர். கம்பெனிக்காரருக்குச் சம்பளம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அவரோடு போனில் நாலைந்து தடவை பேசியிருந்தேன். வெட்கமென்ன, எனக்கு அவரை ரொம்பவே பிடித்திருந்தது.

நைனா முதலில் சச்சிவாலயத்துக்குப் போனார். அந்த மாப்பிள்ளை கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து, டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறார். ஏன் என்று கேட்க ஆளில்லை. நைனா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அடுத்த வாரம் ஸ்ரீ சிட்டிக்குப் போய்த் திரும்பியவர், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "உள்ள வுடமாட்டேன்ட்டான் வாட்ச்மேன். ஷிப்ட் நடுவுல வெளியில வந்தா அரை நாள் சம்பளம் புடிப்பாங்களாம். வந்தவங்களோட நிம்மதியா ஒரு டீ குடிக்க முடியாது. அது உத்யோகமா, ஜெயிலா?"

அந்த சூப்பர்வைசர் வெளியே வந்தாரா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வரவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என்னைப் பெற்றவர் வெயிலில் நிற்கிறார், இவருக்கு அரை நாள் சம்பளம் பெரிதாகப் போய்விட்டதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. மறுநாளும் வந்தது. அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்று அம்மா சொன்னாள். நாராயணவனம் கோயிலில் கல்யாணம் நடந்தது.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவரைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். சம்பளம் ஏறும் ஏறும் என்று இருவரும் காத்திருந்தோம். ஏறத்தான் செய்தது. வீட்டு வாடகையும் பிள்ளையின் ஸ்கூல் பீஸும் அதற்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தன. அதனால் இப்போது விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடித்து நானும் ஸ்ரீ சிட்டிக்குத்தான் போகிறேன். மாதக் கடைசியில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனாலும் கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், "வீட்டுக்காரரு கவர்மெண்ட்" என்றுதான் சொல்கிறேன். இந்த வாயை என்ன செய்வது.

போன மாதம் சத்தியவேட்டில் ஒரு சாவுக்கு வந்த நைனா, அப்படியே பேத்திக்கு மாம்பழம் வாங்கிக்கொண்டு எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டார். வாட்ச்மேன் உள்ளே சொல்லி அனுப்பினான். லைன் லீடரிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, எதிர்க் கடையில் நைனாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

"நடுவுல வந்துட்டியே, சம்பளம் புடிக்க மாட்டாங்களா?"

"அரை நாள் புடிப்பாங்க. பரவால்ல, நீ குடி நைனா."

அவர் குடிக்கவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ளையும் இதையேதாம்மா சொல்லிச்சி."

"எந்தப் புள்ள?"

"அதான், அந்த சூப்பர்வைசரு. நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சதும் ஓடியாந்துச்சி. சம்பளம் போச்சேப்பான்னேன். பரவால்ல மாமா, நீங்க குடிங்கன்னு சொல்லிக்கினு எதுக்கவே நின்னுச்சி. ஒரு டீக்கு அரை நாள் கூலி போற வேலையாச்சேன்னுதான் எனக்குத் தோணிச்சி."

வந்தவர் எதை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார் என்று நைனாவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷமும், வராத ஆள் என்று மனசுக்குள் நான் வைதுகொண்டிருந்தது வந்து நின்ற ஒருவரை.

"குடி நைனா, ஆறிடப் போவுது" என்றேன்.