கேத்தரின் எழுதிய குறிப்பு

கேத்தரின் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். இயன்முறை மருத்துவம் படித்தவர். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கைக்குழந்தைகளுக்கு மட்டுமே பயிற்சி அளிக்கிறார். பேருந்தில் சிகிச்சை மையத்துக்கு வந்து, காலைக் கழுவிக்கொண்டு, நேராகத் தரையில் உட்காருவார். நாற்காலி போட்டால், "பாப்பா எங்கே இருக்கோ அங்கதான் நானும்" என்பார்.

எங்கள் மகள் மகாவுக்கு மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பகுதி பிறவியிலேயே உருவாகவில்லை. பிறந்த இரண்டாம் மாதம் எடுத்த ஸ்கேன் அறிக்கையிலேயே அது இருந்தது. அதைப் பார்த்த மருத்துவரோ ஒரு வயதுக்குப் பிறகு வரலாம் என்று சீட்டெழுதி அனுப்பிவிட்டார். ஆறு மாதம் வீணாயிற்று. சீட்டு என்னிடம் இருக்கிறது. அவர்மீதான புகாரை இணைப்புகளோடு தயாரித்து வருகிறேன்.

எட்டாம் மாதத்தில் கேத்தரினிடம் வந்தோம். இரு கைகளையும் நெஞ்சின் நடுவே சேர்க்கும் பயிற்சியை நாளுக்கு ஆறு முறை செய்யச் சொன்னார். நான் கட்டம் போட்டு அட்டவணை தயாரித்தேன். என் மனைவி ரமா குறித்து வந்தாள். ஆறு வாரம் கழித்தும் மகாவின் கைகள் சேரவில்லை. பயிற்சி பலிக்கவில்லை என்றால் மறுநாள் பரிசோதனையில் மையத்து மருத்துவர் அதை நிறுத்திவிடுவார்.

கேத்தரின் அட்டவணையை நெடுநேரம் பார்த்தார்.

"ரமா, இத்தனை நாள்ல பாப்பாவுக்கு ஒரு சளி கூட பிடிக்கலையா?"

"பிடிச்சுது மேடம்."

"அப்பவும் ஆறு தடவையா?"

"எல்லாம் பதிவாகியிருக்கு மேடம்" என்றேன் நான்.

"அதனாலதான் கேக்கறேன் சார். என் வீட்டுல நான் பல்லு தேய்ச்சதைக் கூட இவ்வளவு ஒழுங்கா எழுத முடியாது."

ரமா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இவர் வேலை விட்டு வந்ததும் பாப்பாவைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஃபைலைப் பார்ப்பார். காலிக் கட்டம் இருந்தா, நாம புகார் கொடுக்கப்போற அந்த டாக்டர் நம்ம மேலயே பழி போடுவார்னு சொல்வார். பாப்பா அழுதா நான் தூக்கிக்குவேன். டிக் மட்டும் போட்டுடுவேன்."

"நிஜமா எத்தனை தடவை?"

"ரெண்டு. சில நாள் அதுவும் இல்ல."

"அப்போ பலிக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. நாம இன்னும் சரியா ஆரம்பிக்கவே இல்ல" என்றார் கேத்தரின்.

ஆறு முறை என்பதை அங்கேயே அடித்தார். துணி மாற்றும்போதும், குளிப்பாட்டித் துவட்டும்போதும் கைகளைச் சேர்த்தால் போதும் என்று மடியில் வைத்துக் காட்டினார். பிறகு அட்டவணையின் பின்புறம் எழுதினார்: "தனியாகக் குழந்தையைப் பார்க்கும் தாயால் செய்ய இயலாத அளவை விதித்தது என் தவறு. உண்மையில் நடந்தது நாளுக்கு இரண்டு முறைக்கும் குறைவு. பயிற்சி தொடர வேண்டும்." கையெழுத்தும் தேதியும் இட்டார்.

தவறு யாருடையது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ரமா என் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் மையத்து மருத்துவர் குறிப்பைப் படித்து, அதே பயிற்சியை மேலும் மூன்று மாதம் நீட்டித்தார். குறிப்பின் நகலைப் புகாரில் ஏழாம் இணைப்பாக வைத்திருக்கிறேன். பயிற்சியை நாங்களே சரியாகச் செய்யவில்லை என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு அது உதவக்கூடும். இருந்தாலும் எடுக்கவில்லை. மாலையில் மகாவுக்குத் துணி மாற்றுவது இப்போது என் வேலை.