துண்டு தடுக்காத தூசி

சென்னை ரயில் காலையில் தென்காசியில் இறக்கிவிட்டது. மெல்லிய சாரல். குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் என்றார்கள்; ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் பீர்முகமது, நாற்பது வயதிருக்கும். மேலகரம் தாண்டுவதற்குள் இரண்டு முறை ஓரமாக நிறுத்தி இருமினார்.

"சளியா, பாய்?"

"கல்லுத் தூசி சார். சவூதியில கிரானைட் அறுத்தேன். நுரையீரல் தழும்பாயிட்டுன்னு டாக்டர் சொல்லுதாரு. மூஞ்சியில துண்டக் கட்டிக்கிட்டுத்தான் வேலை பாத்தேன். எப்படி உள்ள போச்சுன்னு புரியல."

எனக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் மின்னணு நுண்ணோக்கி இயக்கும் வேலை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய எண்பதாயிரம் நானோமீட்டர். துண்டின் இழைகளுக்கு நடுவே அதைவிட அகலமான இடைவெளி இருக்கும். நுரையீரலின் அடிவரை போகும் தூசியோ ஆயிரம், சில நூறுகூட. இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு எட்டவில்லை.

"அந்தத் தூசிய ஒரு புளியங்குடி எலுமிச்சம்பழம்னு வெச்சுக்குங்க. உங்க துண்டுல இருக்கிற ஓட்டை, லாரி தாராளமா நுழையிற வாசல்."

வண்டி வேகம் குறைந்தது.

"தம்பியும் துண்டத்தான் கட்டப் போறான்," என்றார். தம்பி காசிம் அடுத்த வாரம் அதே வேலைக்குக் கிளம்புகிறானாம்.

அருவியில் குளித்துவிட்டு வந்தபோது ஆட்டோவில் சாய்ந்தபடி காசிம் நின்றான். அண்ணன் போன் போட்டு வரவழைத்திருந்தார்.

"தூசி பறக்கும்போது கட்டிக்கிடுவோம் சார். அடங்குனப்புறம் கழத்திருவோம். அண்ணன் சும்மா பயப்படுதான்."

"கண்ணுக்குத் தெரியிறதுதான் அடங்கும். தெரியாதது ரொம்ப நேரம் காத்துல மிதக்கும்."

பீர்முகமது தலை குனிந்துகொண்டார். "நாங்க தூசி அடங்கட்டும்னு காத்திருந்து, அங்கனயே உக்காந்துதான் சோறு திம்போம்," என்றார்.

பிறகு என்ன முகமூடி வேண்டும் என்று காசிம் கேட்டான். முகத்தோடு ஒட்டி நிற்கும் வடிகட்டி முகமூடி வேண்டும், அறுக்கும்போது கல்லில் தண்ணீரும் விழ வேண்டும் என்றேன். அங்கேயே, தன்னை அனுப்பும் ஏஜெண்டைப் போனில் கூப்பிட்டு இரண்டும் கிடைக்குமா என்று கேட்டான். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

"நான் போகலண்ணே," என்றான்.

"வாப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்," என்றார் பீர்முகமது.

திரும்பும்போது காசிம் ஓட்டினான். பீர்முகமது பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒங்க ஆபீஸ்ல தூசி இருக்குமா சார்?"

"இருக்காது. மிஷினுக்கு ஆகாதுன்னு காத்த வடிகட்டித்தான் உள்ள விடுவாங்க."

"மிஷினுக்கா," என்றார்.