கண்ணளவில் பின்னியது

நானும் அக்காவும் ஒரே கடையில் பதினோரு வருஷம் வேலை செய்தோம். கூடப் பிறந்தவள் இல்லை, கடையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். துணிகளைப் பிடித்துத் தரும், நீட்டித் தரும், ஜிப் மாற்றித் தரும் கடை. எனக்கு ஜிப் மேசை, அவளுக்கு வெட்டும் மேசை. ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே, "இடுப்பு முப்பத்தாறு, இடது தோள் கொஞ்சம் இறக்கம்" என்று முணுமுணுப்பாள். முதலாளி நம்பாமல் டேப்பை வைத்துப் பார்ப்பார். முப்பத்தாறுதான் இருக்கும். அப்படித்தான் அவளுக்குக் 'கண்ணளவு அக்கா' என்று பேர் விழுந்தது. வெளியே அலுத்துக்கொள்வாளே தவிர, அந்தப் பேரில் அவளுக்கு உள்ளூர ஒரு மிதப்பு உண்டு.

மதிய இடைவேளையில் சாப்பிட்டுக் கை கழுவியதும் பையிலிருந்து குரோஷா கொக்கியையும் நூலையும் எடுத்துவிடுவாள். அதிலும் கண்ணளவுதான். நூல்கண்டைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் எந்த அளவுக் கொக்கி, எத்தனை கண்ணி போட்டால் எவ்வளவு அகலம் வரும் என்றெல்லாம் அச்சடித்திருக்கும். அதை முதல் வேலையாகக் கசக்கி எறிவாள். தொடங்குவதற்கு முன்னால் சின்னதாக ஒரு சதுரம் பின்னி அளந்து பார்க்க வேண்டுமாமே என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெறும் வாயை மென்னு பாத்துக்கச் சொல்றியா?" என்றாள்.

பலன்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். கை முழங்கால் வரை வந்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் கையை ஆட்டி ஆட்டி நடந்து காட்டினாராம். முதலாளியின் குழந்தைக்கு ஒரு ஜோடி காலுறை பின்னினாள். பாதியில் கொக்கி மாறிவிட்டது. ஒன்று குழந்தைக்குச் சரியாக இருந்தது, மற்றது குழந்தையின் அப்பாவுக்கு. மேசைவிரிப்பு ஒன்று விரிய மாட்டேன் என்று கிண்ணம் மாதிரி எழும்பி நின்றது. அதில் வெங்காயம் போட்டு வைத்தாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளும் சிரித்தாள். "நூல்தானே, பிரிச்சாப் போச்சு" என்பாள்.

அவளுக்கு ஒரே நாத்தனார். கணவரின் தங்கை, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். அக்கா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது டீச்சருக்குப் பதினாறு வயது. நாத்தனார், அண்ணி என்று பேர்தான், பழக்கத்தில் சிநேகிதிகள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து ஊர் வம்பெல்லாம் பேசுவார்கள்.

போன வருஷம் டீச்சருக்கு இடது மார்பில் கட்டி என்று தெரிந்தது. மார்பையே எடுக்க வேண்டியதாயிற்று. அக்கா இருபது நாள் லீவு போட்டு அந்த ஒற்றை அறையில் போய்த் தங்கினாள். தலை கழுவிவிட்டாள், ஊட்டிவிட்டாள், காயத்திலிருந்து குழாய் வழியாக வடியும் நீரை அளந்து கொட்டினாள். கட்டு மாற்ற நர்ஸ் வரும்போது மட்டும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

ஆறு மாதம் கழித்து, டீச்சர் பள்ளிக்கூடம் திரும்பும் சமயம் வந்தது. உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள மருத்துவமனையில் கொடுத்த சிலிக்கான் மார்பு கனமாக இருந்தது. தழும்பின் மேல் பட்டுப் புழுங்கியது. "நூல்ல பின்னினா லேசா இருக்கும். வீட்டுல யாராவது பின்னுவாங்களா?" என்று நர்ஸ் கேட்டிருக்கிறாள். எங்க அண்ணி பின்னுவாங்க என்று டீச்சர் சந்தோஷமாகச் சொன்னாளாம். நர்ஸ் செய்முறை அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தாள். மெல்லிய பருத்தி நூல், மூன்று மில்லிமீட்டர் கொக்கி, ஐந்து சென்டிமீட்டருக்குள் பன்னிரண்டு கண்ணி. அந்தக் கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தது.

தாள் அக்கா கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம். மூன்று மில்லிமீட்டர் கொக்கி அவளிடம் இருந்தது. ஆனால் அதில் பின்னினால் விரல் மரத்துப்போகும், வேலையும் நகராது. ஐந்து மில்லிமீட்டர் கொக்கியை எடுத்தாள். பாதியிலேயே அளவு பெரிதாகப் போவது தெரிந்தது. நாலு சுற்றைக் குறைத்தாள். கண்ணால் பார்த்துப் பார்த்து வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டாள். உள்ளே பஞ்சை அடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அதை வைத்து மேல்சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, எது எதுன்னு எனக்கே தெரியல!" என்று சொல்லி அண்ணியின் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

திங்கட்கிழமை காலை கடைக்கு வந்ததும் அக்கா இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். அன்று காலை முழுக்க அவள் முகத்தில் ஒரே வெளிச்சம்.

பன்னிரண்டு மணி இருக்கும். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். கதவு திறந்தது. டீச்சர் கைப்பையை நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி உள்ளே வந்தாள். நேரே வெட்டும் மேசைக்குப் போனாள். பைக்குள் கைவிட்டு எடுத்து, அங்கே விரித்திருந்த கோட்டுத் துணியின் மேல் வைத்தாள். வடிவம் போய்த் தொளதொளவென்று இருந்தது. கண்ணிகளுக்கு நடுவே பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு பொண்ணு எடுத்துக் குடுத்தா அண்ணி" என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "நோட்டு திருத்தக் குனிஞ்சேன், விழுந்துடுச்சு. 'மிஸ், உங்க பந்து'ன்னு எடுத்துக் குடுத்தா. 'பஞ்சு வெளிய வருது மிஸ்'னு வேற சொன்னா."

அக்கா பிதுங்கிய பஞ்சை விரலால் உள்ளே தள்ளினாள். டீச்சர் திரும்பிக் கதவை நோக்கி நடந்தாள்.

பேண்ட் வாங்க வந்த ஒருவர் மேசையை எட்டிப் பார்த்து, "அது என்னம்மா?" என்று கேட்டார்.

"ஊசி குத்தி வைக்கிற பஞ்சுங்க" என்றாள் அக்கா.

டீச்சர் இன்னும் வெளியே போயிருக்கவில்லை. கைப்பிடியில் கை வைத்தபடி ஒரு நொடி நின்றாள். பிறகு கதவு சாத்திக்கொண்டது.

அன்று அக்கா வேறு துணி வெட்டவில்லை. மறுநாள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். யார் வந்தாலும் எழுந்துபோய் அளந்தாள், இரண்டு தடவை அளந்தாள். கேலி பண்ண எங்களுக்கு மனசு வரவில்லை.

டீச்சர் மறுபடி லீவு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அண்ணன் போய்ப் பார்த்தார். தங்கை டீ போட்டுக் கொடுத்தாள், பணிமனையில் என்ன சேதி என்று கேட்டாள், இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நீ வேணும்னா செஞ்ச? விடு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். அந்த ஆறுதல் அவளுக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது. வேணும்னு செய்யாதது பஞ்சு விஷயம். கடையில் சொன்னது? அதைக் கணவரிடம் அவள் சொல்லவே இல்லை. என்னிடம் மட்டும் ஒருநாள் கேட்டாள்: "நான் சொன்னது அவ காதுல விழுந்திருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "விழுந்துச்சு அக்கா" என்றேன்.

அந்த வாரம் அவள் மருத்துவமனைக்குப் போய் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் அந்தப் பஞ்சு உருண்டையைப் பிரித்து, நூல் பகுதியை மட்டும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"தாளைப் படிச்சீங்களா?"

"படிச்சேங்க... மேலோட்டமா."

"பாத்தா அளவு சரியாத்தான் இருந்திருக்கும். ஆனா இவ்ளோ தளர்வா பின்னினா, வியர்வை இறங்க இறங்க நூல் தொய்ஞ்சுடும். தொய்ஞ்சா ஒரு இடத்துல நிக்காது. அதுவும் உள்ளாடையில பை தைக்காம வெச்சிருக்கீங்க" என்றாள் நர்ஸ். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்ததாம்.

பிறகு மதிய இடைவேளைகளில் சதுரம் சதுரமாகப் பின்ன ஆரம்பித்தாள். ஸ்கேலை வைத்து எண்ணுவாள். ஐந்து சென்டிமீட்டரில் எட்டு கண்ணி. பிரிப்பாள். ஒன்பது. பிரிப்பாள். மூன்று மில்லிமீட்டர் கொக்கியிலும் பத்தரைக்கு மேல் வரவில்லை. அவள் கை இயல்பிலேயே தளர்வு. இத்தனை வருஷமாக அது அவளுக்கே தெரியாது. கடைசியில் இரண்டரை மில்லிமீட்டர் கொக்கி ஒன்று வாங்கினாள். ஆட்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு பின்னினாள். ஒன்பதாவது சதுரத்தில் பன்னிரண்டு வந்தது. என்னிடம் காட்டினாள். நான் எண்ணினேன். பன்னிரண்டுதான். அவள் சிரிக்கவில்லை.

அளவு எடுக்காமல் இதற்கு மேல் போக முடியாது. ஒரு சாயங்காலம் மூன்று மாடி ஏறினாள். டீச்சர் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"மன்னிச்சுக்கம்மா. தாள்ல போட்டிருந்தபடி நான் செய்யல. கொக்கியை மாத்திட்டேன்."

"கொக்கியை விடுங்க அண்ணி. ஊசி குத்தற பஞ்சுன்னு ஏன் சொன்னீங்க?"

"வேற வார்த்தை வாயில வரல."

"அந்த வார்த்தை உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நாலு பேர் நடுவுல சொல்ல வெக்கமாப் போச்சு."

"அதை வெச்சுக்கிட்டு நான் முப்பது பிள்ளைங்க முன்னாடி நிக்கணும்" என்றாள் டீச்சர். "உங்களுக்குச் சொல்றதுக்கே வெக்கம்."

அக்கா பையிலிருந்து டேப்பை எடுத்திருந்தாள். அதைக் கையிலேயே சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு வேணாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள் டீச்சர்.

அந்த மாடிப்படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அக்கா எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் கண் வீங்கியிருந்தது. வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு வேளை தாண்டிய பிறகு, டீச்சர் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணனைக் கடைக்குப் போய் ஏதாவது வாங்கி வரச் சொன்னாள். என்ன வாங்க என்று கேட்டதற்கு, "எதையாவது வாங்கிட்டு வாயேன்" என்றாள். அவர் போனதும் உள்ளறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"அளங்க."

அக்கா அன்றுதான் அந்தத் தழும்பை நேராகப் பார்த்தாள். அக்குளிலிருந்து நெஞ்சின் நடுவரை, சற்றே மேல்நோக்கி ஏறிய கோடு. பளபளப்பாக, ஓரங்களில் சுருக்கம் விழுந்து. அக்குளுக்குக் கீழே சதை குழிந்திருந்தது. அவள் பின்னிக் கொடுத்ததோ நல்ல வட்டம். வட்டமாக எது வைத்தாலும் அந்தக் குழியின் பக்கம் சரியத்தான் செய்யும். அளந்து எழுதிப் பார்த்தபோது, வலது பக்க அளவும் அவள் நினைத்திருந்ததைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக இருந்தது.

"எவ்ளோ நாள் உன் கூட இருந்தேன், ஒரு தடவை கூட இதைப் பாக்கல நான்" என்றாள் அக்கா.

"தெரியும். ஜன்னலுக்கு வெளிய அப்படி என்னதான் இருந்துச்சு?"

கேலியா கோபமா என்று அக்காவுக்குப் புரியவில்லை. "டேப்பு சில்லுனு இருக்கு" என்று மட்டும் டீச்சர் அப்புறம் சொன்னாள். அக்கா டேப்பைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மீதியை அளந்தாள்.

பதினோரு நாள் ஆயிற்று பின்னி முடிக்க. குழிக்குத் தோதாக ஒரு பக்கம் வால் நீண்ட வடிவம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணிகளுக்கு நடுவே பொட்டு ஒளிகூடத் தெரியாது. உள்ளாடைகள் நாலிலும் உள்பக்கமாகப் பை தைத்துக் கொடுத்தாள். டீச்சர் வாங்கிக்கொண்டாள். குனிந்து பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லா இருக்கு அண்ணி" என்றாள். கண்ணாடி முன்னால் நிற்கவில்லை, அழவும் இல்லை.

நல்லதாக ஒன்று கையில் வந்துவிட்டதால் எல்லாம் நேராகிவிடவில்லை. அதற்குள் பள்ளிக்கூடத்தில் அவளுடைய வகுப்பை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். இவளுக்கு அந்த வருஷம் முழுக்க அலுவலக வேலை. உடம்புக்கு அதுதான் நல்லது என்று தலைமையாசிரியர் சொன்னாராம். குழந்தைகள் இடைவேளையில் ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மாதம் ஒருமுறை வந்தாள். சாப்பிட்டதும் கிளம்பிவிடுவாள். பாயை விரிக்க அக்காவும் துணியவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை, மும்முரமாக வேலை ஓடிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்து விஷயத்துக்குப் பிறகு டீச்சர் அவளுக்குப் போன் பண்ணியதே இல்லை.

"இதைத் துவைக்கறது எப்படி அண்ணி? மெஷின்ல போடலாமா?" பக்கத்து மேசையில் இருந்த எனக்கே குரல் கேட்டது.

"ஐயோ, மெஷின் வேணாம். பஞ்சை எடுத்துட்டு, நூலை மட்டும் பச்சைத் தண்ணியில அலசு. முறுக்கிப் பிழியாத. துண்டுக்குள்ள வெச்சு அமுக்கி எடு."

"காயற வரைக்கும்?"

"இன்னொண்ணு பின்னித் தரேன்."

அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முதலாளி இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"பழுப்பு நூல்ல பின்னுங்க" என்றாள் டீச்சர். "வெள்ளை சீக்கிரம் அழுக்காகுது."

"சரிம்மா" என்றாள் அக்கா.