இடது பக்கம் நின்ற ஆல்ட்டோக்கள்

எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளை கண்டக்டர் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். பெண்ணின் தாய்மாமா காபியை ஆற்றிக்கொண்டே, “எந்த ரூட்டுல ஓடுதிய?” என்று கேட்டார். நான் பஸ்ஸில் ஓடவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு சர்ச்சில் கொயர் என்னும் பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்தேன்; அதை நடத்துகிறவருக்கும் ஆங்கிலத்தில் கண்டக்டர் என்றுதான் பெயர். சோற்றுக்குக் கருவூல அலுவலகத்தில் எழுத்தர் வேலை.

எங்கள் பக்கத்தில் பாடகர் குழு நடத்துவது ஒரு தொழில் அல்ல. வாத்தியார், வங்கி ஊழியர், ரயில்வேக்காரர் என்று யாராவது ஒருவர் சனிக்கிழமை பயிற்சி கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை கை வீசி நடத்துவார். திங்கட்கிழமை தன் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார். நானும் அப்படித்தான் எட்டு வருஷம் இருந்தேன். ஆனால் மனசுக்குள் எனக்கு அதுவே முழுநேர வேலையாக வேண்டும் என்ற வெறி இருந்தது. அலுவலகத்தில் பில்களைச் சரிபார்க்கும்போது இடது கை மேஜைக்கு அடியில் தாளம் போடும். கண்காணிப்பாளர் பார்த்துவிட்டு, “கை சும்மாவே இருக்காதா வே?” என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு இசைப் பள்ளியில் பாடகர் குழுவை நடத்துகிறவர் ஓய்வு பெறப் போகிறார் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். ஆகஸ்டில் பதில் வந்தது. கச்சேரி எதையும் கேட்கப் போவதில்லை, டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேர் வந்து உங்கள் பயிற்சியில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தார்கள். கச்சேரியில் குறையை மறைக்கலாம், பயிற்சியில் முடியாது. அந்தத் தொழிலைத் தெரிந்தவர்கள் எழுதிய கடிதம் என்று புரிந்தது. மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பிள்ளைக்கு அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குமா என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபரில் ஒரு காலை எழுந்தபோது இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. உள்ளே ஓயாத ஒரு இரைச்சல். சளி பிடித்திருந்ததால் அதுவாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, மனைவி திட்டித் திட்டி, காது டாக்டரிடம் போனேன். கவட்டை மாதிரி ஒரு இரும்பை முழங்கையில் தட்டி, முதலில் வலது காதருகே பிடித்தார். ரீங்காரம் கேட்டது. இடது பக்கம் கொண்டுபோனார். அவர் கை அங்கே இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

“நரம்பு போயிட்டு,” என்றார். “அன்னைக்கே ஓடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். மாத்திரை தாரேன். ஆனா நம்பிக்கை குடுக்க மாட்டேன்.”

சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனேன். மனைவியிடம் சொன்னேன். “கொயர்ல சொல்லிருங்க,” என்றாள் உடனே. பெங்களூர்க்காரர்கள் வந்து போகட்டும், பிறகு சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து அவள் சாப்பிடும்போது என் வலது பக்கம் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

ஒரு காது போனால் பாதி சத்தம் போய்விடும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாமல் போகும். முப்பத்திரண்டு பேர் பாடும்போது எல்லாக் குரலும் வலது பக்கத்து ஒரே ஜன்னல் வழியாக வந்து விழுகிற மாதிரி இருந்தது. ஆல்ட்டோ என்னும் கீழ்ஸ்தாயிப் பெண் குரல்கள் எட்டுப் பேர், எப்போதும் என் இடது கைப் பக்கம் நிற்பார்கள். அவர்களை இடம் மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் நானே உடம்பைத் திருப்பித் திருப்பி நின்று சமாளித்தேன். காதில் சரியாக விழாதவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் வளர்ந்தது. எங்கே உரசினாலும் அவர்கள்தான் என்று தோன்றியது.

அந்த எட்டுப் பேரில் ஒரு அக்கா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், எனக்கு முன்பிருந்தே குழுவில் பாடுகிறவர். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றின் மூன்றாவது வரியில், டோ-ரே-மி-ஃபாவில் ‘மி’ வரும் இடத்தில், சுருதி உரசியது. நிறுத்தினேன்.

“ஆல்ட்டோ, ‘மி’ இறங்குது. திரும்ப.”

திரும்பப் பாடினார்கள். திரும்ப உரசியது.

“ஆல்ட்டோ!”

அக்கா தாளைத் தாழ்த்தி, “நாங்க சரியாத்தான் பாடுதோம் தம்பி. பின்னால யாரோ ‘ஃபா’ எடுக்காவ,” என்றார்.

அன்று எனக்கு என்ன வந்ததோ. டிசம்பர் நெருங்குகிறதே என்ற பயம் ஒரு பக்கம், காதுக்குள் இரைச்சல் ஒரு பக்கம். “வருஷக் கணக்கா பாடுதேன்னு பேரு. ஒரு ‘மி’ நிக்கல. பாடத் தெரியலன்னா கீழ போய் உக்காருங்க,” என்று எல்லார் முன்னாலும் ஏசிவிட்டேன்.

அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, எதையோ சரிபார்க்கிற மாதிரி. பிறகு தாள்களை அடுக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டார். நான் பயிற்சியைத் தொடர்ந்தேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. பயிற்சி முடிந்ததும் டெனர் என்னும் மேல்ஸ்தாயி ஆண் குரலில் பாடும் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், என் சைக்கிள் பக்கம் வந்து நின்றார். “அண்ணாச்சி, போன வாரம் தப்பு பண்ணுனது நான்தான். கண்ணாடி மாத்தணும். ‘மி’ய ‘ஃபா’ன்னு வாசிச்சிட்டேன். அங்கனயே சொல்லியிருக்கணும், நீங்க போட்ட சத்தத்துல வாய் வரல,” என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்யதை? அவர் நின்றது எனக்கு வலது பக்கம், பத்தடி தூரத்தில். கேட்கிற காதுக்கு நேராக.

மறுநாள் மாலை தச்சநல்லூருக்கு பஸ் ஏறினேன். அக்காவின் கணவர் கதவைத் திறந்தார். “வாங்க” என்றார், நாற்காலியைக் காட்டவில்லை. அக்கா உள்ளேயிருந்து வந்து என் இடது பக்கமாக நின்று ஏதோ சொன்னார். நான் தலையைத் திருப்பி, “என்னக்கா?” என்றேன்.

அவர் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார். “காப்பி குடிக்கியளான்னு கேட்டேன்,” என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “எப்போலேர்ந்து கேக்கல?”

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“நாளெல்லாம் ஹெட்போன காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கவ நான். ஒரு மாசமா எங்க பக்கம் பாட்டு வரும்போதெல்லாம் நீங்க கழுத்தத் திருப்புதிய. முன்ன திருப்ப மாட்டிய. அன்னைக்கு நீங்க ஏசும்போதே எனக்கு உறுதியாயிட்டு.”

“அப்ப ஏன்க்கா சொல்லல?”

“என் வாயால அத்தன பேருக்கு முன்னால சொல்லவா?”

மன்னித்துவிடுங்கள் என்றேன். டெனர்காரர் சொன்னதையும் சொன்னேன். பெங்களூர்க் கடிதத்தைப் பற்றியும் சொல்லி, டிசம்பர் வரை இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு கேவலமான கோரிக்கை என்று தெரிந்தது. அக்காவின் கணவர், “மன்னிப்புக் கேக்க வந்தியளா, இதக் கேக்க வந்தியளா?” என்றார்.

அக்கா அவரைக் கையமர்த்தினார். “நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி, பயப்படாதீங்க. ஆனா ஒண்ணு. ஏசுனது எல்லார் முன்னாலயும். மன்னிப்பு மட்டும் எங்க வீட்டுக்குள்ளயா? அங்கன சொல்லுங்க. அதுக்கப்புறம் வாரேன்.”

சரி என்று சொல்லாமலே காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் சொல்லவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும்.

டிசம்பரில் சொன்னபடி ஒரு சனிக்கிழமை பெங்களூரிலிருந்து நரைத்த தாடி வைத்த ஒருவரும் கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும் வந்தார்கள். ஹாலின் பின்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்தார்கள். ஏழு ஆல்ட்டோக்கள் நின்றார்கள். முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. நான் கேட்காத பக்கத்தை மனப்பாடத்தாலும் அவர்கள் வாயசைவைப் பார்த்தும் ஓட்டினேன். டீ வந்தபோது தாடிக்காரர் குழுவுக்குள் புகுந்து, ஒவ்வொருவரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னருகே வந்து, குழு முழுவதும் ஒரே ஆள் மாதிரி சேர்ந்து மூச்செடுக்கிறது என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். எனக்கு பெங்களூர் கைக்கு எட்டிவிட்ட மாதிரி இருந்தது.

டீக்குப் பிறகு இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு சுரம் பிசகியது. அரைச் சுரம். சந்தேகமே இல்லை. கையை உயர்த்தி நிறுத்தினேன்.

பின்வரிசையிலிருந்து தாடிக்காரர், “யார்?” என்றார் ஆங்கிலத்தில்.

அப்போதுதான் புரிந்தது. டீ நேரத்தில் யாரிடமோ தப்பாகப் பாடச் சொல்லியிருக்கிறார். குழு நடத்துகிற எவனையும் சோதிக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

உயர்த்திய கையை நான் இறக்கவில்லை. நாலு குரல் வகைகளில் எது, சோப்ரானோவா, ஆல்ட்டோவா, டெனரா, பேஸா? என் காதில் மிச்சமிருந்த அந்தப் பிசகுக்குத் திசையே இல்லை. நாலில் ஒன்று. முகங்களைப் பார்த்தேன். இடது ஓரத்தில் அந்த ஜூனில் சேர்ந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, என் கண் பட்டதும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். ஆல்ட்டோ. அவள்தான். சொல்லிவிட்டால் முடிந்தது, பெங்களூர் டிக்கெட் எடுத்துவிடலாம். ‘ஆல்ட்டோ’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அந்தச் சொல்லை இதே இடத்தில் நின்று ஒருமுறை சொல்லியிருந்தேன். அந்தப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

கையை இறக்கினேன். “ஒரு சுரம் தப்பு. ‘லா’ அரைச் சுரம் இறங்குச்சு. யார்னு எனக்குத் தெரியல,” என்றேன் தமிழில். பிறகு அவர்களுக்காக ஆங்கிலத்தில் சொன்னேன். “அக்டோபரிலிருந்து எனக்கு இடது காது கேட்காது. திசை தெரியாது.” குழுவின் பக்கம் திரும்பினேன். “போன மாசம் அக்காவ ஏசுனேன்லா, அவங்க சரியாத்தான் பாடுனாவ. தப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாமத்தான் ஏசுனேன். தெரியாதுங்கத மறைக்கதுக்காக ஏசுனேன்.”

வலது பக்கம் பின்னால் நின்ற, பேஸ் என்னும் கனத்த ஆண் குரலில் பாடுகிறவர், வங்கியில் வேலை பார்ப்பவர், “நான்தான் அண்ணாச்சி. அவிய தப்பா பாடச் சொன்னாவ,” என்றார்.

அந்தக் கல்லூரிப் பெண் இல்லை. அவள் சரியாகப் பாடியிருக்கிறாள். பிறகொரு நாள் ஏன் தலையைக் குனிந்தாய் என்று கேட்டபோது, “நீங்க பாத்தாலே எனக்கு பயம் சார்,” என்றாள். அந்த வருஷம் நான் கேட்டதிலேயே மோசமான வார்த்தை அதுதான்.

அன்று பயிற்சியை நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டு வரை நடத்தினேன். போகும்போது தாடிக்காரர் என் வலது பக்கம் வந்து நின்று கை கொடுத்தார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம், வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மனைவி படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தாள். நான் அலுவலகம் கிளம்பினேன். கொக்கிரகுளம் பாலத்தில் போகும்போது சைக்கிளை நிறுத்தி, கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தபடி அழுதேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சபைக் கமிட்டியில் இரண்டு பேர், காது கேட்காதவன் எதற்குப் பாட்டு நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கிறிஸ்துமஸ் வரை நடத்து, பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்தப் ‘பிறகு’ ஆறு வருஷம் நீண்டது.

அக்கா கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை எதுவும் நடக்காத மாதிரி வந்து, தாளை எடுத்து, நேராக என் வலது பக்கம் போய் நின்றார். மற்ற ஆல்ட்டோக்களையும், “இங்கன வாங்க, பைய வாங்க,” என்று கூப்பிட்டுக்கொண்டார். டெனர்கள் முணுமுணுத்துக்கொண்டே இடது பக்கம் போனார்கள்.

பாட ஆரம்பிக்கும் முன் அக்கா, “தம்பி, இனிமே தப்பு பண்ணுனவுக அவுகளே கையத் தூக்கட்டும். நீங்க நிறுத்தாண்டாம்,” என்றார். குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. நான் சரி என்றேன். முதல் பாட்டில் ஒரு கையும் எழும்பவில்லை, தப்புகள் மட்டும் மூன்று நான்கு கேட்டன. இரண்டாவது பாட்டின் பாதியில் கண்ணாடி மாற்றிய வாத்தியார் பாடிக்கொண்டே கையைத் தூக்கினார். நான் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குக் கை காட்டினேன்.