எண்ணிக்கையில் இல்லாதவள்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. நான் தாவரவியல் படித்தவள். கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி குறித்து வைக்க மூன்று வருடம் பழக்கப்பட்டவள். அப்படித்தான் இதையும் எழுதுகிறேன். நேரமெல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்த நேரம்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். அம்மா ஒரு லாட்ஜில் அறை துடைக்கிறாள். பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்த பிறகு ஒரு சுற்றுலாக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கோடையில் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு மலை ஏரிகளுக்குப் போவோம். காட்டு வழியாக ஏரி ஏரியாகச் சுற்றி, கரையில் கூடாரம் போட்டுத் தங்க வைப்போம். வேலை உத்தரவில் 'இயற்கை வழிகாட்டி' என்று போட்டிருந்தது. அம்மா அந்தத் தாளை லாட்ஜுக்கு எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டினாள். நான் செய்த வேலை என்னவென்றால், கூடாரம் அடிப்பது, டீ போடுவது, தட்டு கழுவுவது, தலை எண்ணுவது. ஆறு மாதம் புகார் இல்லாமல் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம் என்றார்கள். நான் சொல்லப்போவது அந்த ஆறாவது மாதத்தின் கடைசிப் பயணம்.

தலை எண்ணுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பெனி தொடங்கிய புதிதில் ஒரு பயணியைப் பெட்ரோல் பங்கிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். அன்றிலிருந்து ஒரு விதி. வேன் எங்கே நின்று கிளம்பினாலும், பயணிகள் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி ஆளுக்கொரு எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கடைசி எண் வந்ததும் நான் கதவோரத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவேன். டப்... டப். டிரைவர் வண்டியை எடுப்பார். நான் பயணத் தாளில் நேரத்தையும் எண்ணையும் எழுதுவேன்.

எண் பயணிகளுக்கு மட்டும்தான். எண்ணுகிறவளுக்கு எண் கிடையாது.

டிரைவர் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். ஆனால் ஒரு விசித்திரப் பழக்கம். நான் தட்டினாலும் வண்டியை எடுக்க மாட்டார். "ஏறிட்டியா?" என்று கேட்பார். "ஏறிட்டேண்ணே" என்று நான் சொல்ல வேண்டும். அப்புறம் கழுத்தைத் திருப்பி, கதவோரம் இருக்கும் என் மடக்கு இருக்கையை ஒரு தடவை பார்ப்பார். ஒவ்வொரு முறையும் இதே கூத்து.

"நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளையாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்டா பதில் சொல்லு. அவ்ளோதான்."

இந்த முறை வந்தவர்கள் பதினொரு பேர். எல்லோரும் ஒரே அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள். ஒரு டாக்டர், அவர் மனைவி டாக்டரம்மா, எதற்கெடுத்தாலும் ஜோக் அடிக்கும் மீசைக்காரர் ஒருவர், மற்றவர்கள். ஐந்து நாளில் ஒருத்தராவது என் பெயரைக் கேட்க வேண்டுமே. 'ஏம்மா'தான். ஏம்மா தண்ணி, ஏம்மா போர்வை, ஏம்மா இங்க எறும்பு.

முதல் நாள். முதல் ஏரி. மாலை 4.30க்கு டீ கொடுத்தேன். பெட்டியிலிருந்து பதினொரு டம்ளர் எடுத்தேன். எனக்குத் தனி மக் உண்டு, டிரைவர் அண்ணன் டீ குடிக்க மாட்டார். கழுவும்போது எண்ணினால் பன்னிரண்டு. பன்னிரண்டாவது டம்ளரில் டீ ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. மற்ற டம்ளர்கள் வெதுவெதுப்பாக இருந்தன. அது மட்டும் ஐஸ் மாதிரி.

சரி, நான்தான் தப்பாக எடுத்திருப்பேன் என்று கொட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள். காட்டுக்குள் நடக்கக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பினோம். மாலை 6.40. பைன் மரங்களுக்கடியில் வேன் நின்றது. வெளிச்சம் மங்கிவிட்டது. ஆட்கள் ஏறி உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார்கள்.

ஒன்பது... பத்து... பதினொன்று.

நான் தட்டக் கையை ஓங்கினேன்.

"பன்னெண்டு."

பெண் குரல். மெதுவாக, தொண்டை கட்டிய மாதிரி.

எல்லோரும் சிரித்தார்கள். "யாருப்பா அது எக்ஸ்ட்ரா?" என்றார் மீசைக்காரர்.

"வேற யாரு, உங்க வேலைதான்," என்றாள் டாக்டரம்மா.

"என் குரல் அவ்வளவு நல்லாவா இருக்கு?"

டிரைவர் அண்ணன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. அன்றைக்கு "ஏறிட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மூன்றாம் நாள். மூன்றாவது ஏரி. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மதியம் 2.15க்கு என் மடக்கு இருக்கையை விரித்தேன். சொதசொதவென்று ஈரம். கையை மோந்து பார்த்தேன். பாசி வாடை. யாரோ தண்ணீரிலிருந்து எழுந்து வந்து நேராக அதில் உட்கார்ந்த மாதிரி...

அண்ணன் பார்த்தார். துணி எடுத்து வந்து துடைத்தார்.

"நாளைக்குக் கடைசி ஏரி," என்றார். "அங்க வேனை விட்டுத் தள்ளிப் போகாத."

"ஏண்ணே?"

"போகாதன்னா போகாத. அங்க சிக்னல் கிடையாது."

நான்காம் நாள் அந்த ஏரியில் ஒன்றும் நடக்கவில்லை. அழகான இடம்தான். கரையில் பழைய மரப்பலகைத் துறை ஒன்று தண்ணீருக்குள் நீண்டிருந்தது. பயணிகள் அதில் ஏறி நூறு போட்டோ எடுத்தார்கள். நூறிலும் நான் இல்லை. எடுத்தவள் நான்.

ஐந்தாம் நாள் விடிகாலை. ஊர் திரும்பும் நாள். நெடுந்தூரம் என்பதால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். கண்ணை மறைக்கும் மூடுபனி. குளிருக்குக் கம்பெனி கொடுத்த மஞ்சள் கோட்டைப் போட்டிருந்தேன். அண்ணன் வேன் கூரைமேல் கூடாரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பயணத் தாளை என் இருக்கையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"ஏம்மா," என்றாள் டாக்டரம்மா. "என் கூலிங் கிளாஸ் அந்தப் பலகை மேலயே இருக்கு. ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடு."

"பனி விலகட்டும் மேடம். ஒண்ணும் தெரியல."

"அஞ்சு நிமிஷம்தான். இதுக்குத்தானே உன்னை அனுப்பியிருக்காங்க?"

ஆறு மாதம். ஒரு புகார் கூட இல்லை. அம்மா தாளைக் காட்டிக்கொண்டு திரிகிறாள். நான் போனேன். அப்போது மணி 5.49.

பலகை ஈரமாக வழுக்கியது. நுனிவரை போய்க் குனிந்து தடவித்தான் கண்ணாடியை எடுத்தேன். 5.53. திரும்பினேன். வேன் தெரியவில்லை. வெள்ளையாகப் பனி. குரல்கள் மட்டும் கேட்டன.

ஒன்னு... ரெண்டு... மூணு...

நான் இல்லாமல் யார் எண்ணச் சொன்னது?

"இருங்க," என்று கத்தினேன். "நான் இங்க இருக்கேன்."

ஒன்பது... பத்து... பதினொன்னு.

டப்... டப்.

"ஏறிட்டியா?" அண்ணன் குரல்.

நான் ஓடினேன். வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஏறிட்டேண்ணே."

என் குரல்.

என் குரலேதான்.

வேன் கிளம்பியது. சிவப்பு விளக்கு இரண்டும் பனிக்குள் சின்னதாகி... அணைந்தன. தொண்டை கிழியக் கத்தினேன். இன்ஜின் சத்தம் மலையைச் சுற்றிக்கொண்டே போய் நின்றுவிட்டது.

வேன் நின்ற இடத்துக்கு வந்தேன். ஈர மணல். அதில் காலடித் தடங்கள்.

தண்ணீரிலிருந்து வந்திருந்தன. நேராக வேன் கதவு இருந்த இடம்வரை. ஒரு காலில் ஷூ. ஒரு கால் வெறுங்கால்.

திரும்பிப் போன தடம் இல்லை.

மணி 5.58. போனில் ஒரு கோடு கூட இல்லை. உண்மையான பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. பேயை நினைத்து இல்லை. என்னை யார் தேடுவார்கள் என்று நினைத்து. பயணிகள் எண்ணிக்கை சரியாக இருக்கும். அம்மா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் போன் செய்வாள். அன்று வெள்ளிக்கிழமை. கிட்டத்தட்ட மூன்று நாள்... நான் உலகத்தில் இல்லை என்பதே ஒருத்தருக்கும் தெரியாது.

ஏரியைச் சுற்றி ஒரு ஒற்றையடிப் பாதை போனது. குறுக்கே போனால் மெயின் ரோடு பக்கம் என்று தோன்றியது. இரண்டடி வைத்தேன். அப்புறம் கோபம் வந்தது. நான் எதற்கு நடக்க வேண்டும்? விட்டுவிட்டுப் போனவர்கள் வரட்டும். மண் ரோட்டின் நட்டநடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். அந்தக் கோபம்தான் என்னைக் காப்பாற்றியது என்பது பிறகுதான் தெரிந்தது.

6.41க்கு வேன் வந்தது. அண்ணன் இறங்கி ஓடிவந்து என் தோளை இரண்டு கையாலும் பிடித்தார். அழுத்திப் பார்த்தார்.

வேனுக்குள் பயணிகள் என்னைப் பார்த்தார்கள்.

"நீ எப்பம்மா இறங்கின?" என்றாள் டாக்டரம்மா.

"நான் ஏறவே இல்ல."

"என்ன விளையாடறியா? வளைவுல எனக்குக் குமட்டினப்ப நீதானே தண்ணி பாட்டில் குடுத்த? பாசி வாடை அடிக்குதுன்னு கூடச் சொன்னேனே."



கூலிங் கிளாஸை அவளிடம் நீட்டினேன். வாங்கி, துடைத்து, மாட்டிக்கொண்டாள்.

பயணிகளை இறக்கிவிட்ட பிறகுதான் அண்ணன் சொன்னார்.

"கிளம்பறப்ப திரும்பிப் பார்த்தேம்மா. அரை இருட்டுல உன் சீட்ல மஞ்சள் கோட்டு தெரிஞ்சுது. நீதான்னு நெனச்சேன். மேல ஒரு வ்யூ பாயிண்ட்ல நிறுத்தினேன். மறுபடி எண்ணினாங்க. பதினொன்னுக்கு அப்புறம் உன் சீட்ல இருந்து பன்னெண்டுன்னு சத்தம். நீதான் நம்பர் சொல்ல மாட்டியே."

"திரும்பிப் பார்த்தீங்களா?"

"சீட் மடிச்சபடி இருந்துச்சு. கீழ தண்ணி சொட்டிட்டு இருந்துச்சு."

இரண்டு கோடைக்கு முன்னால் என் வேலையில் வேறொரு பெண் இருந்தாளாம். அவளும் படித்துவிட்டு வந்தவள்தான். அதே ஏரி. ஒரு பயணி மறந்துவைத்த தொப்பியை எடுக்கப் போனாள். உள்ளே இருந்தவர் யாரோ சரியாக மூடாத கதவை இரண்டு முறை இழுத்து அடித்திருக்கிறார். டப்... டப். அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் மூன்று இடத்தில் நிறுத்தி எண்ணினார்கள். மூன்றிலும் எண் சரி. அவள் பின்னால் படுத்துத் தூங்குகிறாள் என்று நினைத்தார்களாம். அவள் குறுக்குவழி என்று நம்பி அந்த ஒற்றையடிப் பாதையில் நடந்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்துத்தான் தண்ணீரில் கிடைத்தாள். ஒரு காலில் ஷூ இல்லை.

"நான்தாம்மா விட்டுட்டு வந்தேன்," என்றார் அண்ணன். அதற்கு நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். டாக்டரம்மா புகார் எழுதியிருந்தாள். வழிகாட்டியின் அலட்சியத்தால் முக்கால் மணி நேரத் தாமதம். வேலை நிரந்தரம் இல்லை என்றார்.

"பயணத் தாள்ல வழிகாட்டி எண்ணையும் சேர்த்துக்கங்க சார். ஒருத்தி செத்திருக்கா."

"பயணி யாருக்கும் ஒண்ணும் ஆகலையே? அப்புறம் என்ன? அதோட, அதுக்கெல்லாம் தாள்ல இடம் இல்லம்மா."

கடைசியாகக் கையெழுத்துப் போட என் பயணத் தாளை எடுத்து நீட்டினார்கள். ஐந்து நாளும் வரிவரியாக நான் எழுதியது. என் கோழிக்கிறுக்கல் எனக்குத் தெரியாதா? கடைசி நாளில் ஒரு வரி மட்டும் நான் எழுதியதில்லை. சாய்ந்த, முத்து முத்தான கையெழுத்து. மை ஈரத்தில் ஊறிப் பரவியிருந்தது.

வெள்ளி. 6.15. வ்யூ பாயிண்ட்.

அந்த நேரத்தில் நான் ஏரிக்கரையில், மண் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அலமாரியில் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். இரண்டு கோடைக்கு முந்தைய தாள்கள். அதே சாய்ந்த எழுத்து. '1' என்ற எண்ணுக்கு அடியில் போடும் அதே குட்டிக் கோடு. மொத்தம் முப்பத்தெட்டுத் தாள். எல்லாவற்றையும் புரட்டினேன். எதிலும், எந்த ஒரு வரியிலும், அவள் தன்னைச் சேர்த்து எண்ணவில்லை.

என் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

6.15க்கு நேரே எண்ணிக்கை எழுதியிருந்தது.

12.