பஃபலோவில் ஒரு வாக்கு

சந்திரவதனாவோடு ஒரு தேநீர் குடிக்க உட்கார்ந்தால் அமெரிக்காவைப் பற்றிக் கேட்காமல் எழும்ப முடியாது. ரொறன்ரோவில், ஸ்காபுரோவின் வோபர்ன் பகுதியில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். அவள் தமிழ்க்கடைக்குள் வருவதைக் கண்டால் மற்ற வாசலால் நழுவுகிறவர்களும் உண்டு. ஐம்பத்தொன்பது வயது. ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. முழங்கால் இரண்டும் சொல்வழி கேட்பதில்லை. ஆனாலும் விடிய எழும்பித் திருநீறு பூசிய கையோடு முதலில் தொலைபேசியில் விரிப்பது லண்டனில் இருந்து வரும் ஓர் இடதுசாரிப் பத்திரிகையைத்தான். இருப்பது கனடா, வாசிப்பது லண்டன், கவலைப்படுவது அமெரிக்கா.

"உமக்கு உந்தக் கவலை என்னத்துக்கு?" என்று கணவர் நவரட்ணம் கேட்பார்.

"இஞ்சை ஆஸ்பத்திரிக்குப் போனால் காசு கேக்கமாட்டினம். அங்கை கேக்கினம்" என்பாள். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நவரட்ணம் நினைத்தால் அது அவருடைய பிழை. இன்னும் ஒரு மணித்தியாலம் போகும்.

அவளை இப்படி ஆக்கியது லண்டன். ஈஸ்ற் ஹாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை, அங்கே தொழிற்சங்கம், சங்கத்தால் லேபர் கட்சி. மாதாமாதம் சந்தா கட்டி, அட்டை வாங்கி, சனிக்கிழமைகளில் கதவு தட்டப் போவாள். கையில் ஒரு மட்டை, மட்டையில் அந்தத் தெருவில் உள்ளவர்களின் பெயர்கள். கதவு திறந்ததும் சிரித்த முகத்தோடு, "இது இன்னார் வீடுதானே?" என்று பெயரை வாசித்துக் கேட்கவேண்டும். வாதாடக்கூடாது. ஆதரவா, எதிரா, இன்னும் முடிவில்லையா என்று ஓர் அடையாளம் போட்டுவிட்டு அடுத்த கதவு. தேர்தலன்று ஆதரவு என்று சொன்னவர்களைத் தேடிப் போய், வேண்டுமானால் காரில் ஏற்றிக்கொண்டுபோய், வாக்குப் போடவைக்கவேண்டும். அந்தத் தொகுதியில் இதில் அவளை வெல்ல ஆளில்லை. மழைக்குள் ஒரு கிழவரைச் சப்பாத்துப் போட வைத்து இழுத்துக்கொண்டு போன கதையை ஸ்காபுரோவில் அரைவாசிப்பேர் கேட்டிருப்பார்கள்.

பிறகு நவரட்ணத்தின் சகோதரங்கள் எல்லாரும் ரொறன்ரோவில் என்று அவர்களும் வந்து சேர்ந்தார்கள். இங்கே வந்த பிறகுதான் பக்கத்து நாட்டின் விசித்திரம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தெரிவுசெய்வதற்கு ஊர் முழுக்க வாக்குச்சாவடி திறக்கிறார்களாம். சந்தா இல்லையாம், அட்டை இல்லையாம். மிச்சிகனில் இருக்கும் நவரட்ணத்தின் மச்சான் ஒருவர், சும்மா நடந்து போய், எந்தக் கட்சியின் தாள் வேண்டும் என்று அங்கேயே சொல்லி வாங்கி, வாக்குப் போட்டுவிட்டு வந்தாராம். சந்திரவதனா அந்த மனிசனைத் தொலைபேசியில் பிடித்து, அவருடைய கோப்பி ஆறும்வரை கேள்வி கேட்டாள்.

"சந்தா கட்டாமல் என்ன கட்சி? நாளைக்கு எதிர்க்கட்சிக்காரனும் வந்து போட்டால்?"

"போடலாம் அக்கா."

"கண்டறியாத நாடு" என்றாள். ஆனால் அன்று முழுக்க அவளுக்கு அதே யோசனை. சமையலறையில் கரட் வெட்டும்போதும் அதே யோசனை.

அந்த வருடம் ஒரே கட்சிக்குள் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று இரண்டு பேருக்கு இடையில் போட்டி. ஒருவர் முன்பு ஆசிரியையாக இருந்தவர், எல்லாருக்கும் இலவச வைத்தியம் தருவேன் என்றவர். சந்திரவதனா அவருக்கு வைத்த பெயர் ரீச்சர். மற்றவர் ஒரு முன்னாள் ஆளுநர், நல்ல கோட்டு, நல்ல பல்லு. ரீச்சர் வென்றால் தொழிலாளருக்கு விடிவு, நியூயோர்க் மாநிலத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது என்று லண்டன் பத்திரிகை எழுதியது. நியூயோர்க் மாநிலத்தில் பஃபலோ இருக்கிறது. பஃபலோவில் அவளுடைய ஒரே தங்கை தயாபரி இருக்கிறாள். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள், வாக்கு உள்ளவள்.

ஊரார் வீட்டுக் கதவெல்லாம் தட்டி வாக்கு எடுத்தவள், கூடப்பிறந்தவளின் ஒரு வாக்கை எடுக்காமல் விடுவாளா? மாசியில் தொடங்கியது தொலைபேசி.

"தயா, ரீச்சருக்குத்தான் போடுறாய், என்ன?"

"ஓம் அக்கா, பாப்பம்."

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இந்த "ஓம், பாப்பம்" என்றால் என்னவென்று தெரியும். கலியாண வீட்டுக்கு வருவீர்களா என்றாலும், சீட்டுப் பிடிப்போமா என்றாலும், அதுதான் மறுமொழி. கதவை முகத்தில் சாத்தாமல் மெல்லச் சாத்துகிற முறை அது. காப்புறுதி விற்க வருகிறவனுக்குச் சந்திரவதனாவே அதைத்தான் சொல்லி அனுப்புவாள். ஆனால் தங்கை சொன்னபோது லண்டன் புத்தி முந்திக்கொண்டது. மனதுக்குள் இருந்த மட்டையில் ஆதரவு என்று அடையாளம் போட்டுவிட்டாள்.

சித்திரையில் அந்த நாள் வந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.

"போடரிலை உந்த எலெக்சன் கதை கதையாதையும்" என்றார் நவரட்ணம். "பிறத்தி நாட்டிலை இருந்து வோட்டு எடுக்க வந்ததெண்டு பிடிச்சு வைச்சிருப்பான். தங்கச்சியைப் பாக்கப் போறன் எண்டு சொல்லும்."

அப்படியே சொன்னாள். எல்லைப் பாலத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி, கடைசியாகத் தங்கையை எப்போது பார்த்தீர்கள் என்று சும்மா கேட்டான். சந்திரவதனா விரல் மடித்து எண்ணினாள். ஆறு வருடம் இருக்கும். தூரம் என்னவோ ஒரு காலைநேரத்துக் கார் ஓட்டம்தான்.

தயாபரி இடியப்பம் அவித்து, சொதி வைத்து, மீன் பொரித்து வைத்திருந்தாள். மருந்துக்கடையில் காசுப்பெட்டியில் நிற்கிறவள், அன்றைக்கென்று அவளும் லீவு எடுத்திருந்தாள்.

"முதல் சாப்பிடுங்கோ அக்கா."

"முதல் வோட்டு. பிறகு சாப்பாடு. வெளிக்கிடு."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

வாக்குச்சாவடி ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் இருந்தது. மேசையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி தயாபரியின் பெயரைத் திரையில் தேடி எடுத்தாள். பெயர் இருந்தது. ஆனால் எந்தக் கட்சியிலும் பதியவில்லை. இந்த மாநிலத்தில் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கட்சியின் வாக்கு, பதிகிற தவணையும் எப்போதோ முடிந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"மிச்சிகனிலை அப்படி இல்லையே" என்று சந்திரவதனா தன் ஈஸ்ற் ஹாம் ஆங்கிலத்தில் எடுத்துவிட்டாள்.

"இது மிச்சிகன் இல்லை" என்றாள் கிழவி.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு என்பது ஆயிரம் கேள்வி கேட்ட அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஓர் அமெரிக்கா என்றால் ஒரு சட்டம் என்று நினைத்திருந்தாள். தன் பிழை என்று தெரிந்தால் வருகிற கோபம் எப்போதும் மற்றவர் தலையில்தான் இறங்கும். காருக்குள் ஏறியதும் இறங்கியது.

"பதியேக்கை ஒரு கட்சியைக் காட்டியிருந்தால் என்னடி குறைஞ்சு போடும்? ஒரு சின்ன அடையாளம். எனக்கு எவ்வளவு காலமா ஓம் ஓம் எண்டனீ. நான் வேலையை விட்டிட்டு ஓடி வாறன், நீ பேசாமல் இருக்கிறாய்."

தயாபரி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"நான் ஒரு கட்சியிலையும் பெயர் குடுக்கமாட்டன் அக்கா."

"ஏன்?"

"யோகன் அண்ணை பெயர் குடுத்தவர்."

யோகன் அவர்களுடைய நடு அண்ணன். அந்தப் பெயர் தொலைபேசியில்கூட வருவதில்லை. அவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், திரும்பி வரவில்லை. சந்திரவதனாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்போது அவள் லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"கூட்டத்துக்குக் கதிரை அடுக்கினவர், வேறை ஒண்டும் செய்யேல்லை" என்றாள் தயாபரி. "கட்சிக் கந்தோரிலை பெயர் இருந்தது. பிறகு அந்தப் பெயரெல்லாம் வேறை ஆக்களின்ரை கையிலை போச்சு. நீங்கள் லண்டனிலை. கதவைத் திறந்தது நான்."

சந்திரவதனா சாவியைத் திருப்பாமல் இருந்தாள்.

"மூண்டு பேர். சிரிச்ச முகம், நல்ல மரியாதை. ஒராளின்ரை கையிலை மட்டை. 'இது யோகராசா வீடுதானே தங்கச்சி?' எண்டு வாசிச்சுக் கேட்டவர். நான் ஓம் எண்டு சொன்னனான்."

"நீ குழந்தையடி."

"பதினைஞ்சு வயசு. இல்லையெண்டு சொல்லியிருக்கலாம், பக்கத்து வீடெண்டு சொல்லியிருக்கலாம். ஓம் எண்டனான்." சீற்று வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்கள் லண்டனிலை மட்டையோடை ஒரு வாசலிலை நிக்கிற படம் அனுப்பினனீங்கள். அம்மா எல்லாருக்கும் காட்டினவ. என்னாலை அதைப் பாக்க ஏலாமல் இருந்தது அக்கா."

அந்தப் படம் சந்திரவதனாவுக்கு நல்ல ஞாபகம். சிவப்புக் கோட்டு, நெஞ்சில் சின்னம், எவ்வளவு பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. தங்கை அழாமல் இருக்கும்போது தான் அழுவது வெட்கமாகவும் இருந்தது. கையை நீட்டித் தங்கையின் கையைப் பிடித்தாள். வாக்குப் போட்டுவிட்டு வருகிறவர்கள் காரைத் தாண்டிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து ஆறின இடியப்பத்தைச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள். சொதியில் புளி சரியாக நின்றது. இரண்டாம் தரம் போட்டுக்கொள்ளும்போது சந்திரவதனா கேட்டாள்.

"சரி, போட ஏலுமெண்டால் ஆருக்குப் போட்டிருப்பாய்? நான் ஒண்டும் சொல்லமாட்டன். சும்மா அறியத்தான்."

"ஆளுநருக்கு."

"அந்தக் கோட்டுக்காரனுக்கோ?"

"எங்கடை இவருக்கு வேலையாலை வாற காப்புறுதி. உங்கடை ரீச்சர் வந்தால் அதை நிப்பாட்டிப்போட்டுப் புதுசா ஒண்டு தருவாவாம். பழையது போய்ப் புதுசு வாறதுக்கு இடையிலை இவருக்கு நெஞ்சுக்குள்ளை ஏதும் வந்தால்? நான் மருந்துக்கடையிலை நிக்கிறனான் அக்கா. விலையைக் கேட்டிட்டு மருந்தை எடுக்காமல் வைச்சிட்டுப் போற சனத்தை ஒவ்வொரு நாளும் பாக்கிறன். எனக்கு இருக்கிறது இருக்கட்டும்."

அதற்கு மறுப்பாகச் சொல்ல எத்தனையோ நியாயங்கள் சந்திரவதனாவின் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. ஒன்றொன்றாக விழுங்கினாள். இடியப்பத்தோடு அவையும் போயின. இப்படி ஒருத்தி யோசிக்கக்கூடும் என்று லண்டன் பத்திரிகை ஒருநாளும் எழுதவில்லையே என்பதுதான் அவளுக்குப் புதினமாக இருந்தது. இவளிடம் வேறு என்னவெல்லாம் கேட்காமல் விட்டேன் என்று யோசித்துக்கொண்டே கோப்பையைக் கழுவினாள்.

ரீச்சர் தோற்றுப்போனார். அடுத்தநாள் காலை தன் வீட்டில் பத்திரிகையைத் திறந்தாள். பஃபலோவில் பல இடங்களில் வாக்குப் போட வந்தவர்கள் குறைவு, சாதாரண மக்களுக்குத் தங்கள் எதிர்காலத்திலேயே அக்கறை இல்லை என்று ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருந்தார்.

"அக்கறை இல்லையாம்" என்றாள் சந்திரவதனா.

"என்ன?" என்று உள்ளேயிருந்து நவரட்ணம் கேட்டார்.

அவள் பத்திரிகையை மூடிவிட்டுத் தங்கைக்கு அழைத்தாள்.

"என்னக்கா," என்றாள் தயாபரி, "அடுத்த எலெக்சனோ?"

"அது கிடக்கட்டும். இண்டைக்கு என்ன சமைக்கிறாய்?"

மறுபக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"இன்னும் யோசிக்கேல்லை. ஏன், பிறகும் வருவீங்களே?"

"ஓம்" என்றாள் சந்திரவதனா. பாப்பம் என்று சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வாறன்."