உம் கொட்டிய பிஸ்கட் டின்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்த் திருவிழாப் பூசையில் ஒரு பிஸ்கட் டின் கச்சேரி செய்தது.

சிரிக்காதீர்கள். டீக்கடையில் வர்க்கி போட்டு வைப்பார்களே, அதே சதுர டின்தான். வர்க்கியைக் காலி செய்துவிட்டு உள்ளே ஆறு மைக்குக்கான ப்ரீ-ஆம்ப்ளிஃபயரை உட்கார வைத்தவள்... சாட்சாத் நானேதான்.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர், வீட்டில் கையும் சால்டரிங் அயர்னுமாக அலைகிறவள். ரேடியோவை நான் ரிப்பேர் செய்த கதையும், அதற்குப் பிறகு அது பாடாமலே போன கதையும் ஏற்கெனவே எழுதியாயிற்று. "இந்தத் தடவை எதைக் கெடுக்கப் போறே?" என்றுதான் வீட்டுக்காரர் கேட்டார்.

விஷயம் இதுதான். பொம்மிடி பக்கத்தில் எங்கள் மாதா கோவில் சின்னது. பாதி ஜனம் வெளியே பந்தலில்தான் நிற்கும். உள்ளே நடப்பதெல்லாம் அவர்களுக்கு வேப்பமரத்துக் குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான். மைக்கோ இரண்டு. ஒன்று ஃபாதருக்கு. இன்னொன்று உபதேசியாருக்கு — ஜெபம் சொல்லிக்கொடுத்து, பாட்டுக் குழுவையும் நடத்துகிறவர். அவருக்குப் பின்னால் பெண்கள் வரிசை.

அந்த வரிசையில் சலேத்மேரி. என்னிடம் எட்டாவது வரை படித்தவள். கடலைக்காட்டில் களை வெட்டும்போது அவள் பாடினால், ரோட்டில் சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நின்று கேட்டுவிட்டுத்தான் போவார். கோவிலில்? உபதேசியாரின் முதுகைத் தாண்டாது அவள் குரல்.

உபதேசியாரிடம் கேட்டேவிட்டேன். பெண்களுக்கும் மைக் வைத்தால் என்ன?

"பொம்பளைங்க குரலு சன்னம்ங்க டீச்சர். மைக்கு வெச்சாலும் எடுக்காது. பின்னால நின்னு உம் கொட்டுனா போதும். பாட்டை நான் பாத்துக்கறேன்."

உம் கொட்டினால் போதுமாமே! எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

நேராக மைக் செட் மாதேஷிடம் போனேன். "மைக்கு எத்தனை வேணும்னாலும் தரேனுங்க டீச்சர். ஆம்ப்ளிஃபயர்ல ரெண்டு ஓட்டைதானே இருக்குது? மீதிய எங்க சொருவறது?" என்றார். நியாயமான கேள்வி.

அப்படியானால் ஓட்டையைப் பெருக்குவோம்! ஆறு மைக் உள்ளே, ஒரே ஒயர் வெளியே. மைக்கிலிருந்து வருவது வெறும் கிசுகிசு — அதை ஆம்ப்ளிஃபயர் காதில் விழுகிற அளவுக்கு முதலில் தூக்கிவிட வேண்டும். அதுதான் ப்ரீ-ஆம்ப் வேலை. ஒவ்வொரு மைக்குக்கும் தனி சர்க்யூட், தனி வால்யூம் குமிழ், கடைசியில் எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்து வெளியே வரும்.

ரயிலேறி சேலம் போனேன். டிரான்சிஸ்டர், கண்டென்சர் என்று நான் அடுக்க அடுக்க, கடைக்காரர் என் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். "சார் வரலீங்களா?"

"இந்த சார்தாங்க வந்திருக்கார்" என்றேன், என்னையே காட்டி. பொட்டலம் கட்டி முடிக்கும்வரை மனுஷன் நிமிரவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவிலில் ஒத்திகை. ஆறு மைக்கையும் சொருகியாயிற்று. மாதேஷ் சுவிட்சைத் தட்டினார்.

"உம்ம்ம்ம்ம்ம்ம்..."

கோவிலே உறுமியது. பாட்டைக் காணோம்.

உபதேசியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களா டீச்சர்? உங்க பொட்டியே உம் கொட்டுது! கதை சொல்லத்தான் ஆள் வேணும்." பிறகு கொஞ்சம் முறைப்பாக, "நாளைக்குள்ள சரியாவலைன்னா பழையபடி ரெண்டு மைக்குதானுங்க. திருவிழா அன்னைக்கு ஊரு சிரிக்கக் கூடாது" என்றார்.

சலேத்மேரி என் கையைத் தொட்டாள். "விடுங்க டீச்சர். எங்களுக்கு இது பழக்கந்தானே."

அவர் சிரித்ததுகூட வலிக்கவில்லை. அந்தப் 'பழக்கந்தானே' இருக்கிறதே... அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாதேஷிடம் மைக்குகளை வாங்கிவந்து, மறுநாள் காலை வீட்டில் டின்னைப் பிரித்தேன். கரண்ட்டுக்காக உள்ளே வைத்திருந்த டிரான்ஸ்ஃபார்மர்மேல்தான் முதல் சந்தேகம். பிடுங்கிப் போட்டுவிட்டு டார்ச் லைட் செல்களை வைத்தேன். உம் பாதியானது. மீதிப் பாதி? ஒரு மைக்கை மட்டும் மாட்டினால் பெட்டி பரம சாது. இரண்டாவதை மாட்டினால் முனகல். எல்லாம் சேர்ந்தால் உறுமல். தனித்தனியே தங்கமான சொந்தக்காரர்கள், கல்யாண வீட்டில் ஒன்று கூடியதும் ஆரம்பிப்பார்களே — அந்தக் கதைதான்!

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு சர்க்யூட்டின் எர்த் ஒயரையும் கைக்கு வாட்டமான இடத்தில், டின்னில் ஆளுக்கொரு மூலையாகப் பற்றவைத்திருந்தேன். எர்த் என்றால் எல்லாருக்கும் பொதுவாக ஒரே இடம் வேண்டாமா? அத்தனையையும் பிடுங்கி, ஒரே புள்ளியில் கொண்டுவந்து ஈயம் வைத்தேன். விரல் பொசுங்கியது. பொசுங்கட்டும்!

வீட்டு டேப் ரெக்கார்டரில் மறுபடியும் இணைத்து, அதன் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன்.

ஒன்றுமில்லை. உம் என்று ஒரு முனகல்கூட இல்லை!

அந்த ஒன்றுமில்லாததற்காக அடுப்படியில் ஒரு ஆட்டம் போட்டேன் பாருங்கள்... எனக்கு ஷாக் அடித்துவிட்டது என்று வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை. நாலு மைக் பெண்களுக்கு, ஒன்று ஆர்மோனியத்துக்கு, ஒன்று உபதேசியாருக்கு. நான் பிஸ்கட் டின்னோடு தரையில்.

காணிக்கைப் பாட்டை உபதேசியார் கம்பீரமாக எடுத்தார். சலேத்மேரியோ மைக்கைக் கண்டு பயந்து இரண்டடி தள்ளியே நின்றாள். முறைத்தேன். கிட்டே வந்தாள். வாயைத் திறந்தாள். குமிழைத் திருகினேன்.

அடேயப்பா!

குழாயில் அந்தக் குரல் போய் இறங்கியதும் பந்தலில் சலசலப்பு அடங்கியது. வாசலில் தலைகள் எட்டிப் பார்த்தன. மாதேஷ் வேட்டியை மடித்துக் கட்டியபடி உள்ளே ஓடிவந்து, "டீச்சர், கொறைச்சுடாதீங்க!" என்று கத்தினார். பூசை நடக்கிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

சரணத்தில் ஒரு மேல் ஸ்தாயி வரும். உபதேசியார் அங்கே வழக்கமாகக் குரலைக் கீழே இறக்கி ஒப்பேற்றிவிடுவார். இத்தனை வருஷமாக அதுதான் மெட்டு என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது! சலேத்மேரி இறங்கவில்லை. சர்ரென்று ஏறினாள். மற்ற மூன்று பெண்களும் கூடவே ஏறினார்கள். மனுஷன் தடுமாறி, வார்த்தையைக் கோட்டைவிட்டு, மைக் முன்னால் "ம்ம்ம்..." என்று இழுத்தார். அதையும் என் பெட்டி துல்லியமாக எடுத்து ஊருக்கே கேட்கவைத்தது.

பூசை முடிந்ததும் சலேத்மேரி ஓடிவந்தாள். "எங் கொரலு எப்படி இருக்கும்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சது டீச்சர்" என்று அழுதாள். நானும் அழுதேன். ஈயப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்க அங்கே புகையும் இல்லை.

இனிமேல் யாராவது "அவங்க குரல் சன்னம்" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப் போகிறேன். மைக் யார் முன்னால் இருக்கிறது?

உபதேசியார் நல்ல மனிதர், சும்மா சொல்லக் கூடாது. கூட்டம் கலைந்த பிறகு தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "டீச்சர், அந்தப் பொட்டியில இன்னொரு ஓட்டை போட முடியுங்களா? வூட்டுல அவளும் பாடியே ஆவணும்னு நிக்கறா."

ஒயரைச் சுருட்டிக்கொண்டே மாதேஷ் கேட்டார்: "அந்த உம் சத்தம் எங்கதான் போச்சுங்க டீச்சர்?"

பெட்டியிலிருந்து கிளம்பி... உபதேசியாரிடம் போய்விட்டது!